தாயைப் பிரிந்த யானைக்கன்று: சேர்ப்பது ஏன் இத்தனை கடினம்?

2023 டிசம்பர் இறுதியில் வால்பாறை அருகே பன்னிமேடு பகுதியில் சில மாதமே ஆன யானைக்கன்று ஒன்று கூட்டத்தைப் பிரிந்து அலைந்தது. வனத்துறையினர் டிரோன் பறக்கவிட்டுக் கூட்டம் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, கன்றைத் தாயிடம் சேர்த்தனர். பிறகு அது தாயை ஒட்டிப் படுத்து உறங்கும் படம் நாடெங்கும் பரவியது. ஐந்து மாதம் கழித்து, 2024 மே இறுதியில், கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை நோயுற்று விழுந்தது. கிரேன் கொண்டு அதைத் தாங்கிப் பிடித்துச் சிகிச்சை அளிக்க, கன்று பக்கத்திலேயே நின்றிருந்தது. தாய் தேறிக் காட்டுக்குள் போய்விட்டது. ஆனால் கன்று தனித்துவிட்டது. பல முறை முயன்றும் சேர்க்க முடியாமல், ஜூன் மாதத்தில் அதை முதுமலை தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுசென்றார்கள்.

இரண்டாவது செய்திக்கு வந்த எதிர்வினைகள் இரண்டு வகை. பெற்ற கன்றை ஒரு தாய் எப்படி உதறும் என்பது ஒன்று. மனிதர் தொட்ட வாடையால்தான் தாய் ஒதுக்கிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டுமே தாயை மட்டும் பார்க்கின்றன. யானைக்கன்று தாயால் மட்டும் வளர்க்கப்படுவதில்லை. அதைப் புரிந்துகொள்ள, விலங்குகள் குட்டிகளை எந்தெந்த வழிகளில் வளர்க்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்கு வழிகள்

பாலூட்டிகளைக் குட்டி வளர்க்கும் முறையைக் கொண்டு ஏறக்குறைய நான்காகப் பிரிக்கலாம்.

1. கூட்டில் வைத்து வளர்ப்பவை. எலி, நாய், பூனை போன்றவை. குட்டிகள் கண் திறக்காமல் பிறக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்து சூடு காக்கும்.

2. மறைத்து வளர்ப்பவை. புள்ளிமான் பிறந்த குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். குட்டி அசையாது, ஓசை எழுப்பாது. தாய் குறிப்பிட்ட நேரத்தில் வந்து பாலூட்டிவிட்டு மறுபடியும் விலகிவிடும். காட்டுமுயலும் இப்படித்தான். தாய் அருகில் நின்றால் வேட்டை விலங்குக்கு இடம் தெரிந்துவிடும் என்பதால், தள்ளி இருப்பதே இங்கே பாதுகாப்பு.

3. கூடவே நடத்திச் செல்பவை. யானை, குதிரை, செம்மறி ஆடு. பிறந்த சில மணி நேரத்துக்குள் எழுந்து தாயுடன் நடக்க வேண்டும். தாயும் குட்டியும் ஓரடி பிரிந்தாலும் ஒன்றையொன்று அழைக்கும்.

4. சுமந்து வளர்ப்பவை. மந்தியின் வயிற்றைப் பற்றிக்கொண்டு தொங்கும் குட்டியும், மனிதக் குழந்தையும் இந்த வகை.

எந்த இனம் எந்த வகை என்பதை வெளித்தோற்றத்தால் சொல்லிவிட முடியாது. செம்மறி குட்டியைக் கூடவே நடத்தும். வெள்ளாடு மறைத்து வைக்கும். இரண்டையும் பட்டியில் அடைத்தே வளர்ப்பதால் அந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.

தனியாகக் கிடக்கும் குட்டி கைவிடப்பட்ட குட்டியா என்பது இந்தப் பிரிவைப் பொறுத்தது. புதரில் தனியாகக் கிடக்கும் மான்குட்டிக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வருகிறவர்தான் அதை அநாதையாக்குகிறார். சாலையில் தனியாக நிற்கும் யானைக்கன்றுக்கு அப்படியோர் ஐயத்துக்கே இடமில்லை. நம் கண்ணில் படுவதற்கு முன்பே அங்கே ஏதோ தவறு நேர்ந்துவிட்டது.

பால் சொல்லும் கணக்கு

வளர்க்கும் முறைக்கு ஏற்றபடி பாலும் மாறுகிறது. நாளுக்கு ஒரு முறை வந்து போகும் முயலின் பாலில் கொழுப்பு 12 சதவீதத்தைத் தாண்டும். ஒரு வேளைப் பாலில் ஒரு நாள் முழுவதும் தாங்கியாக வேண்டும். வட அட்லாண்டிக் பனிப்பாளங்களில் ஈனும் ஹூடட் சீல் என்ற கடல் பாலூட்டி, குட்டிக்கு நான்கே நாள்தான் பாலூட்டுகிறது. அந்தப் பாலில் ஏறத்தாழ 60 சதவீதம் கொழுப்பு.

மனிதப் பால் இதற்கு நேர் எதிர்: கொழுப்பு 4 சதவீதம் அளவில், புரதம் 1 சதவீதம் அளவில். பசும்பாலில் புரதம் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். நீர்த்த பால் சீக்கிரம் செரித்துவிடும். குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் அழும். "தாய்க்குப் பால் போதவில்லை" என்று பாட்டிமார் முடிவுகட்டும் இடங்களில் பலவற்றில் இதுதான் நடக்கிறது. எப்போதும் மடியில் இருக்கும் குழந்தைக்காக அமைந்த பால் அது.

யானைப்பாலில் இன்னொரு சிக்கல் உண்டு. மாதங்கள் செல்லச் செல்ல அதன் சேர்மானம் மாறிக்கொண்டே போகிறது, கொழுப்பு கூடுகிறது. அந்தக் கொழுப்பும் பசும்பால் கொழுப்பைப் போன்றதல்ல. தேங்காய் எண்ணெயில் இருக்கும் வகையைச் சேர்ந்த கொழுப்பு அமிலங்கள் அதில் மிகுதி. ஆகவே யானைக்கன்றுக்குப் பசும்பாலைக் கொடுப்பது உதவியாகாது. அது வயிற்றுப்போக்கில் முடியும். சில மாதக் கன்றுக்கு வயிற்றுப்போக்கு என்றால் அது உயிர்ப் பிரச்சினை.

மனிதர் தொட்டால் தாய் சேர்க்காதா?

ஊர்தோறும் நம்பப்படும் கருத்து இது. பறவைக் குஞ்சு முதல் யானைக்கன்று வரை எல்லாவற்றுக்கும் சொல்லப்படுகிறது. இதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதி. அங்கே சிறுத்தைகள் கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே ஈனுகின்றன. கரும்பு வெட்டும்போது குட்டிகள் அகப்படும். வனத்துறையினரும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பின் மருத்துவர்களும் குட்டிகளைத் தூக்கிப் பரிசோதித்து, மாலையில் ஒரு பெட்டியில் இட்டு, அகப்பட்ட அதே இடத்தில் வைத்துவிட்டு விலகுகிறார்கள். இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போவது தானியங்கிக் கேமராவில் பதிவாகிறது. அத்தனை பேர் தொட்ட குட்டிகள்தாம் அவை.

யானையின் மோப்பம் சிறுத்தையினுடையதைவிடக் கூர்மையானது என்று வாதிடலாம், அது உண்மையும்கூட. கென்யாவின் அம்போசெலியில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. யானைகளை ஈட்டியால் குத்தும் வழக்கமுள்ள மசாய் ஆண்கள் உடுத்திய துணியையும், உழவர்களான கம்பா ஆண்கள் உடுத்திய துணியையும் யானைகள் வாடையாலேயே பிரித்தறிந்தன. மசாய் துணியின் வாடை பட்டதும் கூடுதல் தொலைவு ஓடின. வாடை யானைக்கு 'இங்கே ஆபத்து' என்று சொல்கிறது. 'இது உன் கன்று அல்ல' என்று சொல்வதில்லை. குழியில் விழுந்த கன்றைப் பொக்லைன் வைத்துத் தோண்டி, கையால் தள்ளி மேலேற்றியதும், அது நேரே தாயிடம் ஓட, தாய் அதைத் தும்பிக்கையால் அணைத்துக்கொண்டு போவதை நாம் எத்தனையோ காணொளிகளில் பார்த்திருக்கிறோம்.

கன்றின் உடலில் ஒட்டிய வாடையைவிட, கன்றைச் சுற்றி நிற்கும் ஆட்கள்தாம் பெரிய தடை என்பது என் முடிவு. செல்போனுடன் நூறு பேர் நிற்கும் இடத்துக்கு எந்தத் தாய் யானையும் இறங்கி வராது. இருந்தும் களப்பணியாளர்கள் கன்றின் மேல் சேற்றையும் கூட்டத்தின் சாணத்தையும் பூசியே அனுப்புகிறார்கள். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கூட்டம் என்பது என்ன?

பிடி எனப்படும் பெண் யானை ஏறத்தாழ 20 முதல் 22 மாதம் சினையாக இருக்கும். கன்று பிறக்கும்போதே சுமார் 100 கிலோ. அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டு ஆகும். ஒரு கன்றில் இவ்வளவு முதலீடு செய்யும் இனம், அதன் பாதுகாப்பைத் தாய் ஒருத்தியிடம் விட்டுவைப்பதில்லை. பாட்டி, பெரியம்மா, சித்தி, அக்கா என்று உறவுள்ள பிடிகள் சேர்ந்ததே கூட்டம். மூத்த பிடி முன்னே நடக்கும். கன்று படுத்து உறங்கும்போது மற்றவை சுற்றி நிற்கும். கன்று சேற்றில் சறுக்கினால் முதலில் தும்பிக்கை நீட்டுவது பெரும்பாலும் அக்காவாகவோ சித்தியாகவோ இருக்கும்.

இந்த உதவியின் அளவை மியான்மரில் கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே காட்டு மரம் இழுக்கும் யானைகளுக்குப் பல தலைமுறைப் பதிவேடுகள் உண்டு. அவற்றை வைத்து 2016-ல் வெளியான ஆய்வு, 20 வயதுக்கு உட்பட்ட இளம் தாய்களின் கன்றுகளைப் பார்த்தது. பாட்டி அதே இடத்தில் இருந்தால் கன்று இறக்கும் அபாயம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. அனுபவம் மிக்க தாய்களின் கன்றுகளுக்கு அந்த அளவு வித்தியாசம் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இன்னொரு செய்தியும் முக்கியம். கன்று தாயின் சாணத்தைத் தின்னும். அருவருப்பாகத் தோன்றினாலும், இலையையும் புல்லையும் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அதன் குடலுக்குள் குடியேறுவது இந்த வழியில்தான். தாயைப் பிரிந்த கன்று பாலை மட்டுமல்ல, பின்னாளில் தழை தின்னும் திறனைப் பெறும் வழியையும் சேர்த்தே இழக்கிறது.

சேர்த்து வைப்பது எங்கே தவறுகிறது?

இந்த அடிப்படையில் பார்த்தால் தோல்விக்கான காரணங்கள் தெளிவாகும்.

1. தாயிடம் பால் வற்றியிருக்கலாம். நோயுற்ற தாய்க்குப் பால் நின்றுபோவது இயல்பு. கன்று ஒட்டினாலும் பயன் இருக்காது. தாய் தேறியதாலேயே கன்றைக் காக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

2. கன்றே நலிந்திருக்கலாம். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 கிலோவுக்குக் குறையாத தீவனம் வேண்டும். ஆகவே கூட்டம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நடக்க முடியாத கன்றுக்காகச் சில நாள் காத்திருந்துவிட்டுக் கூட்டம் நகர்வது உண்டு. அதைக் கல்நெஞ்சம் என்று சொல்ல முடியாது. வட வங்கத் தேயிலைத் தோட்டங்களில் இறந்த கன்றுகளை யானைகள் வாய்க்கால்களில் கால் மேலாக இட்டு மண் மூடிய நிகழ்வுகளை 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது.

3. வேறு கூட்டம் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. செய்திகளில் 'கூட்டத்துடன் சேர்ப்பு' என்று வருவதால் எந்தக் கூட்டமானாலும் போதும் என்று தோன்றிவிடுகிறது. உறவில்லாத கூட்டம் கன்றை விரட்டாமல் தன்னுடன் நடக்கவிடலாம். ஆனால் பால் கொடுக்க ஒரு பிடி வேண்டும். தன் கன்றுக்கே போதுமான அளவில் பால் வைத்திருக்கும் பிடி, அயல் கன்றுக்குத் தொடர்ந்து ஊட்டும் என்று எதிர்பார்ப்பது அரிது. இரண்டு நாள் கூட்டத்துடன் நடந்த கன்று பட்டினியோடு திரும்பி வருவது இதனால்தான்.

4. கன்று ஆட்களின் பின்னால் வந்துவிடும். கூட நடக்கும் இனத்தின் குட்டிக்கு, முன்னே நகரும் எதையும் பின்தொடரும் இயல்பு உண்டு. காட்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்பும் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் பின்னாலேயே கன்று தத்தித் தத்தி வரும். அவர்கள் பாட்டிலில் ஒரு வேளை ஊட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

5. நேரம். முதல் ஒன்றிரண்டு நாளில் தாய் அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண்ணில் யானைகள் பேசிக்கொள்வதை 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் உயிரியல் பூங்காவின் ஆசிய யானைகளிடம்தான் ஆய்வாளர் கேட்டி பெய்ன் கண்டறிந்தார். அந்த அழைப்பு எட்டும் தொலைவைக் கூட்டம் தாண்டிவிட்டால் டிரோன்தான் கதி.

அதனால் அனுபவமுள்ள வனச்சரகர் முதலில் செய்வது கன்றைத் தூக்குவது அல்ல, வேடிக்கை பார்க்க வந்த ஆட்களை ஊருக்குள் போகச் சொல்லிக் கலைப்பது. கன்றுக்கு இளநீரோ குளுக்கோஸ் நீரோ அளவோடு கொடுப்பார்கள். கூட்டம் தென்பட்டதும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, கன்றை முன்னே விட்டுவிட்டு, பேசாமல் பின்வாங்குவார்கள்.

முகாமில் வளர்ப்பது

எல்லாம் தவறினால் முகாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஆண் கன்றைத் தாயுடன் சேர்க்க முடியாமல் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். யானைக்கன்றுகளை வளர்த்த முதுமலைத் தம்பதியின் கதையைச் சொன்ன ஆவணப்படம் ஆஸ்கர் வென்ற அதே மாதம் அது. அந்தத் தம்பதியிடமே கன்று ஒப்படைக்கப்பட்டது. மாத இறுதிக்குள் வயிற்றுப்போக்கால் இறந்துவிட்டது. அக்கறையில் குறை இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பாலை உடல் ஏற்கவில்லை.

யானைக்கன்றுக்குப் புட்டிப்பால் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கஷ்டம் புரியும். பிடியின் காம்புகள் முன்கால்களுக்கு இடையே, மார்பில் இருக்கின்றன. கன்று தும்பிக்கையை மேலே தூக்கித் தாயின் வயிற்றில் சாய்த்துக்கொண்டு வாயால்தான் குடிக்கும். தும்பிக்கையைச் சாய்க்க ஓர் உடல் இல்லாவிட்டால் குடிக்கவே தயங்கும். கென்யாவில் அநாதைக் கன்றுகளை வளர்த்த டாப்னி ஷெல்ட்ரிக்கின் இல்லத்தில் இதற்காகக் கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் மறைவில் புட்டியை நீட்டுகிறார்கள்.

தேங்காய் சேர்த்த பால் கலவையால் மிக இளம் கன்றைப் பிழைக்கவைக்க முடியும் என்று 1970-களில் காட்டியவரும் அவரே. ஆயிஷா என்ற அந்தக் கன்று சில மாதம் நன்றாகத் தேறி வந்தது. மகளின் திருமணத்துக்காக அவர் வெளியூர் போன நாட்களில் பால் குடிப்பதை நிறுத்தி இறந்துபோனது. அதன் பிறகு அங்கே ஒரு கன்றை ஒரே ஆளிடம் விடுவதில்லை. பராமரிப்பாளர்கள் முறை மாற்றிக்கொள்கிறார்கள். இரவில் கன்றின் பக்கத்திலேயே படுக்கிறார்கள்.

தொடுகை உணவுக்குச் சமம்

மனிதக் குழந்தையின் விஷயத்தில் மருத்துவம் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. 1950-களில் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர், குரங்குக்குட்டிகளுக்குக் கம்பியால் ஒரு 'தாயும்' துணியால் ஒரு 'தாயும்' வைத்தார். பால் கம்பித்தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் துணித்தாயையே பற்றிக்கொண்டு நாளைக் கழித்தன. அந்தச் சோதனைகளின் கொடுமையை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கர் ரே என்ற மருத்துவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பிலேயே கட்டிவைத்து வளர்க்கச் சொன்னார். 'கங்காரு பராமரிப்பு' அங்கே பிறந்தது. வசதி இல்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பிறந்ததுமே தாயின் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகு வைக்கப்பட்டவற்றில் 15.7 சதவீதம். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரையை மாற்றியது. சுமந்து வளர்க்கும் இனத்தின் குழந்தையைப் பெட்டியில் தனியாக வைப்பதை முதல் தேர்வாகக் கொள்ள வேண்டியதில்லை என்பதே அதன் பொருள்.

முகாமுக்குப் பிறகு

தமிழகத்தில் முகாமுக்கு வரும் கன்று பொதுவாகக் காட்டுக்குத் திரும்புவதில்லை. பாகனையும், காவடி எனப்படும் அவரது உதவியாளரையும் நம்பி வளரும், பழக்கப்படுத்தப்படும், முகாம் யானையாகும். 1972-ல் சத்தியமங்கலம் காட்டில் இளம் வயதில் பிடிபட்ட கலீம் என்ற யானை, காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் உதவும் கும்கியாக வேலை பார்த்து, 2023 மார்ச்சில் 60 வயதில் கோழிகமுத்தி முகாமில் ஓய்வு பெற்றது. கன்றை லாரியில் ஏற்றும் முடிவு ஐம்பது அறுபது ஆண்டுக்கான முடிவு. இன்னும் ஒரு நாள் முயன்று பார்க்கலாம் என்று வனத்துறை இழுத்தடிப்பதாகத் தோன்றுவதன் காரணம் இது.

வேறு வழியும் உண்டு. இலங்கையின் உடவலவையில் 1995 முதல் இயங்கும் யானைக் காப்பகத்தில் கன்றுகளுக்குக் குழாய் வழியாக நேரம் தவறாமல் பால் ஊட்டுகிறார்கள். அதைத் தாண்டி மனிதத் தொடர்பு இல்லை. கொஞ்சுவதற்கு ஆள் இல்லை. கன்றுகளுக்கு வேண்டிய தொடுகையை மற்ற கன்றுகள் தருகின்றன. ஐந்து வயது அளவில் குழுவாகப் பக்கத்துத் தேசியப் பூங்காவில் விடுகிறார்கள். இப்படி நூற்றுக்கும் மேற்பட்டவை காட்டுக்குப் போயிருக்கின்றன. சில பிடிகள் அங்கே கன்றும் ஈன்றுள்ளன. இந்தியாவில் அசாமின் காசிரங்கா அருகே உள்ள மீட்பு மையமும் இதே முறையில் கன்றுகளை வளர்த்து மானஸ் காட்டில் விட்டு வருகிறது.

இரண்டு இடங்களிலும் வெற்றிக்கு அடிப்படை, வயது ஒத்த பல கன்றுகள் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கன்று வரும் முகாமில் அப்படி ஒரு கூட்டம் தானாக உருவாகாது. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் தங்கள் அநாதைக் கன்றுகளைப் பொதுவான ஒரு காப்பகத்துக்கு அனுப்ப ஒப்புக்கொண்டால் எண்ணிக்கை தேறும். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் யானைகள் மூன்று மாநில எல்லைகளையும் கடந்துதான் வலசை போகின்றன.